ஒரு வாரக் கட்டுரை புத்தகமான கதை

"இங்கிலீஷ் படிச்சு என்ன செய்யப்போறாய்?"

புலம்பெயர்ந்த நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று சொன்னால் மாமாமாரும் மாமிமாரும் தலையாட்டுவார்கள். இலக்கியம் என்று சொன்னால் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இந்தக் கேள்வி வரும்.

நான் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, லண்டனில் கணினித் துறை ஆலோசகராக வேலை செய்கிறவன். அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் என் சித்தியின் மகளிடம் கேட்டார்கள். அவள் அதையும் தாண்டி ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்துவிட்டாள். இப்போது இறுதி ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறாள். போன மாதம் அவள் என்னிடம் கேட்ட கேள்வி வேறு மாதிரி. "ஷேக்ஸ்பியரைப் பற்றி நானூறு வருசமா எழுதியிருக்கினம். பட்டம்கூட முடிக்காத நான் புதுசா என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?"

விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி என்றால் நமக்கு ஒரு படம் மனதில் வரும். ஆய்வுகூடம், கருவிகள், அளவுகள். இலக்கியத்தில் ஒரு இளமாணி மாணவர் செய்யும் ஆராய்ச்சி எப்படி இருக்கும்? அதற்கு ஒரு நல்ல பதில் 1928இல் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குச் சொந்தக்காரர் வில்லியம் எம்ப்சன். அப்போது அவருக்கு வயது 22. அதுவரை அவர் படித்துக்கொண்டிருந்தது கணிதம்.

ஆங்கிலம் ஒரு புதிய பாடம்

முதலில் ஒரு ஆச்சரியமான விடயம். இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் ஒரு பழைய பாடம் அல்ல. அங்கே நூற்றாண்டுகளாகப் படித்தது லத்தீனும் கிரேக்கமும். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894இல். கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்துக்கெனத் தனித் தேர்வுமுறை வந்தது 1917இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது.

ஆனால் இந்தியாவில் ஆங்கில இலக்கியம் அதற்கு முன்பே பாடமாகிவிட்டது. ஆட்சி நடத்துவதற்காக ஆங்கிலேயர் அதை அங்கே பாடத்திட்டத்தில் வைத்தார்கள். கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட தன் நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறார். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பெயரை நினைவில் வைத்திருங்கள், கொஞ்சத்தில் மறுபடி வருவார்.

எம்ப்சன் படித்த காலத்தில் கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் துறைக்குப் பத்துப் பதினொரு வயதுதான். "இலக்கியத்தை எப்படிப் படிப்பிப்பது?" என்ற கேள்விக்கே இன்னும் பதில் முடிவாகவில்லை. அது ஒரு குறை போலத் தெரியும். மாணவர்களுக்கு அதுவே வாய்ப்பானது.

பெயர் இல்லாத கவிதைகள்

அந்தத் துறையில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவர் படித்தது தத்துவம். அவர் வகுப்பில் ஒரு சோதனை செய்தார். கவிதைகளைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார். எழுதியவர் பெயர் இருக்காது, காலம் இருக்காது. ஒரு வாரம் படித்து, தோன்றியதை எழுதித் தரவேண்டும்.

கிடைத்த பதில்கள் அதிர்ச்சியாக இருந்தன. நாட்டிலேயே சிறந்த கல்வி பெற்ற இளைஞர்கள் கவிதையின் நேரடிப் பொருளையே பிழையாகப் புரிந்திருந்தார்கள். ஜோன் டன் போன்ற பெரிய கவிஞர்களின் வரிகளைப் பலர் மட்டமாக மதிப்பிட்டிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த பதில்களை வகைப்படுத்தி, எங்கே வாசிப்புத் தடுமாறுகிறது என்று ஆராய்ந்து, 1929இல் ரிச்சர்ட்ஸ் அதை நூலாக வெளியிட்டார். இன்று நீங்கள் பாடசாலைப் பரீட்சையில் முன்பின் பார்த்திராத ஒரு கவிதைக்கு விளக்கம் எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் பழக்கம் இங்கிருந்து வந்ததுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆராய்ச்சிக்கு மூலப்பொருளே மாணவர்கள் எழுதிய தாள்கள். அவர்களுடைய பிழைகளுக்கும் ஆராய்ச்சியில் மதிப்பு இருந்தது.

கணக்கிலிருந்து கவிதைக்கு

எம்ப்சன் 1925இல் கணிதம் படிக்கத்தான் கேம்பிரிட்ஜ் மக்டலின் கல்லூரிக்கு வந்தார். முதல் கட்டத் தேர்வில் முதல் வகுப்பு. 1928இல் இறுதித் தேர்வில் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இதற்கிடையில் கவிதை எழுதினார், நாடகங்களுக்கு விமர்சனம் எழுதினார், நண்பர்களோடு சேர்ந்து 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற சிறுபத்திரிகை தொடங்கினார். அந்த நண்பர்களில் ஒருவர் ஜேக்கப் புரொனொவ்ஸ்கி. அவரும் கணித மாணவர்தான்.

நான்காவது ஆண்டு தங்கி ஆங்கிலம் படிக்க எம்ப்சன் முடிவெடுத்தார். அவருக்குப் பொறுப்பான ஆசிரியர் ரிச்சர்ட்ஸ். வாரம் ஒருமுறை சந்திப்பு, வாரம் ஒரு கட்டுரை.

ரிச்சர்ட்ஸ் பின்னாளில் சொன்ன கதை இது. ஒரு சந்திப்பில் எம்ப்சன், ரொபேர்ட் கிரேவ்ஸும் லோரா ரைடிங்கும் சேர்ந்து 1927இல் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஷேக்ஸ்பியரின் 129ஆவது சொனெட் 1609இல் முதலில் அச்சானபோது எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் வேறு மாதிரி இருந்தன. பின்வந்த பதிப்பாசிரியர்கள் கமாவையும் முற்றுப்புள்ளியையும் திருத்தினார்கள். அப்படித் திருத்தியபோது, பழைய அச்சில் ஒரே வரிக்குள் சேர்ந்திருந்த பல பொருள்களில் ஒன்று மட்டும் மிஞ்சியது என்று கிரேவ்ஸும் ரைடிங்கும் காட்டியிருந்தார்கள். இதை எந்தக் கவிதைக்கும் செய்து பார்க்கலாமே என்றார் எம்ப்சன். அப்படியானால் போய்ச் செய்து பாருங்கள் என்றார் ரிச்சர்ட்ஸ். இரண்டு வாரம் கழித்து எம்ப்சன் ஒரு தடித்த தட்டச்சுக் கட்டோடு வந்து நின்றார். சுமார் 30,000 சொற்கள், வாசிக்கவே சிரமமான தட்டச்சு.

அதுதான் 1930இல் வெளிவந்த 'பொருள்மயக்கத்தின் ஏழு வகைகள்' என்ற ஆங்கில நூலின் நடுப்பகுதி. நூல் வந்தபோது அவருக்கு வயது 24. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் திறனாய்வில் மிகவும் பேசப்பட்ட நூல்களில் ஒன்று, இளமாணி மாணவர் ஒருவரின் வாரக் கட்டுரையிலிருந்து வளர்ந்திருக்கிறது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

ஷேக்ஸ்பியரின் 73ஆவது சொனெட்டில் முதுமையைச் சொல்ல ஒரு உருவகம் வரும். இலையுதிர்ந்த மரக்கிளைகளை, இடிந்துபோன தேவாலயத்தில் பாடகர் குழு இருந்து பாடிய இடமாகக் கவிஞர் காண்கிறார். அழகான உருவகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எம்ப்சன் போகவில்லை. ஏன் இது பொருந்துகிறது என்று ஒவ்வொரு காரணமாக அடுக்கினார். இரண்டு இடத்திலும் பாட்டு இருந்தது. பாடகர் இருக்கைகள் மரத்தால் ஆனவை, செதுக்கு வேலை கொண்டவை, வரிசையாக இருப்பவை. கண்ணாடி ஓவியங்களின் நிறம் இலையையும் பூவையும் நினைவூட்டும். இடிந்த சுவரின் சாம்பல் நிறம் குளிர்கால வானத்தின் நிறம். இவற்றோடு, எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் துறவியர் மடங்கள் அழிக்கப்பட்ட வரலாறும் பின்னால் நிற்கிறது.

இவற்றில் எதைக் கவிஞர் முக்கியமாக நினைத்தார் என்று நாம் முடிவுசெய்ய முடியாது. அந்த முடிவுசெய்ய முடியாமைதான் வரிக்குச் செழுமை தருகிறது என்றார் எம்ப்சன். இது முதல் வகை. அங்கிருந்து படிப்படியாகச் சிக்கல் கூடும். இரண்டு பொருள்கள் ஒன்றில் சேர்வது, தொடர்பில்லாத இரண்டு பொருள்களை ஒரே சொல் தாங்குவது, எழுதும்போதே கவிஞர் தன் கருத்தைக் கண்டுபிடிப்பதால் வரும் குழப்பம் என்று போய், ஏழாவது வகையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள்கள் வரும். அது எழுதியவரின் மனமே இரண்டாகப் பிரிந்திருப்பதைக் காட்டும்.

ஒரு கணித மாணவர் செய்த வேலை இது என்பது வாசிக்கும்போதே தெரியும். தெளிவில்லாத ஒன்றை எடுக்கிறார். அதை வகைப்படுத்துகிறார். ஒவ்வொரு வகைக்கும் உதாரணம் தருகிறார். அந்த உதாரணத்தை யாரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம்.

என் தொழிலில் பொருள்மயக்கம் ஒரு எதிரி. "வாடிக்கையாளர் அழைத்தால் மேலாளரிடம் சொல்லி அவருடைய கணக்கை மூடவும்" என்று ஒரு தேவை ஆவணத்தில் எழுதியிருந்தால், யாருடைய கணக்கை மூடுவது? இப்படி ஒரு வரியால் ஒரு திட்டம் வாரக்கணக்கில் தாமதமாகலாம். ஆகவே நாங்கள் ஒரு வசனத்தை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று எண்ணிப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அடைப்போம். எம்ப்சனும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் ஒன்றையும் அடைக்கவில்லை. திறமை ஒன்றுதான், நோக்கம் வேறு.

நமக்குத் தெரிந்த விடயம்தான்

தமிழ் படித்தவர்களுக்கு இது முழுக்கப் புதிது அல்ல. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதைப் பற்றித் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பேசுகிறது. சிலேடையைத் தண்டியலங்காரம் இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, வேறு மாதிரிப் பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டைப் பொருந்தவைத்த காளமேகப் புலவரைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

இப்போது தாமோதரம்பிள்ளையிடம் திரும்பலாம். அவர் கலித்தொகையை 1887இல் அச்சிட்டார். அவர் கையில் இருந்தவை ஏட்டுச் சுவடிகள். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. எங்கே சொல் முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பதிப்பாசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும். தப்பாகப் பிரித்தால் பொருளே மாறிவிடும். கிரேவ்ஸும் ரைடிங்கும் 1609ஆம் ஆண்டு அச்சுப் பிரதியில் பார்த்த அதே சிக்கலை, அதைவிடப் பெரிய அளவில், நம் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்டிருக்கிறார்கள்.

சிலேடையைப் புலவர் வேண்டுமென்றே கட்டுகிறார். எம்ப்சன் சொன்னவற்றில் பல, எழுதியவரே முழுதாக அறியாமல் மொழிக்குள் வந்து சேர்பவை. "நேற்று வந்த அண்ணாவின் நண்பன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது, வந்தது அண்ணாவா நண்பனா என்று யோசிக்கிறோமா? இரண்டு மரபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. இரண்டு மொழியும் தெரிந்த உங்களால்தான் அதைக் கேட்க முடியும்.

பிறகு நடந்தவை

1929இல் எம்ப்சன் சிறப்புத் தகுதியோடு முதல் வகுப்பில் தேறினார். கல்லூரி அவருக்கு ஒரு ஆய்வாளர் பதவியும் கொடுத்தது. சில வாரங்களில், அவருடைய அறைச் சாமான்களை மாற்றும்போது பணியாளர்கள் கருத்தடைச் சாதனங்களைக் கண்டார்கள். கல்லூரி பதவியைப் பறித்தது, அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. நகரத்திலேயே தங்க முடியாத நிலை. அவர் லண்டனுக்கு வந்து, புளூம்ஸ்பரியில் அறை எடுத்துத் தங்கினார். புத்தகம் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

1931இல் யப்பானுக்குப் படிப்பிக்கப் போனார். 1937இல் சீனா போனபோது யப்பான் படையெடுப்புத் தொடங்கியிருந்தது. பீஜிங்கிலிருந்து இடம்பெயர்ந்த பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தென்மேற்குச் சீனாவரை அவரும் போனார். நூலகம் இல்லை, புத்தகம் இல்லை. கவிதைகளை நினைவிலிருந்து சொல்லிப் படிப்பித்தார். பின்னாளில் ஷெஃபீல்டில் பேராசிரியரானார். 1979இல் அவருக்கு நைட் பட்டம் கிடைத்தது. பெயரை நீக்கிய அதே கல்லூரி அந்த ஆண்டில் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

அவர் நூலில் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் பதிப்பில் கிரேவ்ஸுக்கு மட்டும் நன்றி சொல்லியிருந்தார். அந்த நூலை இணைந்து எழுதிய ரைடிங் எதிர்ப்புத் தெரிவிக்க, திருத்தச் சீட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது. யாரிடமிருந்து கருத்தை எடுத்தோம் என்று எழுதுவது ஏன் முக்கியம் என்று உங்கள் விரிவுரையாளர்கள் வலியுறுத்துவதற்கு இது நல்ல உதாரணம். இன்னொரு மறுப்பு ரோஸ்மண்ட் டியூவ் என்ற அமெரிக்க அறிஞரிடமிருந்து வந்தது. ஜோர்ஜ் ஹெர்பர்ட்டின் கவிதையொன்றில் எம்ப்சன் கண்ட முரண்கள் பல, பழைய கிறிஸ்தவ வழிபாட்டு மரபில் ஏற்கெனவே இருந்தவை என்று அவர் 1952இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். கூர்மையாக வாசித்தால் மட்டும் போதாது, வரலாறும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் பக்கம்.

எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை

எம்ப்சன் யோர்க்ஷயரில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. நான்காவது ஆண்டு தங்கிப் படிக்க அவருக்கு வசதி இருந்தது. அதே காலத்தில் அதே துறையில் படித்த மியூரியல் பிராட்புரூக் பெண் என்பதால், எவ்வளவு நன்றாகத் தேறினாலும் முழு உறுப்புரிமை கொண்ட பட்டத்தைப் பல்கலைக்கழகம் அப்போது தரவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு அதைக் கொடுத்தது 1948இல். பிராட்புரூக்கின் பரிசுக் கட்டுரை ஒன்று, ஷேக்ஸ்பியர் கால நாடக மேடைகளைப் பற்றியது, 1932இல் நூலானது. 1965இல் அவர் அங்கே ஆங்கிலத் துறையின் முதல் பெண் பேராசிரியரானார்.

'எக்ஸ்பெரிமென்ட்' பத்திரிகையில் எழுதிய மாணவிகளில் ஒருவர் கேத்லீன் ரெயின். அவருடைய முதல் கவிதை நூல் 1943இல் வந்தது. அதை வெளியிட்டவர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழரான தம்பிமுத்து. 1938இல் லண்டன் வந்து, அடுத்த ஆண்டே 'பொயட்ரி லண்டன்' என்ற இதழைத் தொடங்கியவர். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயதளவில்தான் இருக்கும். ஆங்கில இலக்கியம் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று யாராவது சொன்னால், இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

தலைப்புத் தேடுகிறவர்களுக்கு

சித்தியின் மகளுக்கு நான் சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். நான் இலக்கியத் துறைக்காரன் அல்ல. ஆனால் ஒரு சிக்கலை எப்படிச் சிறிதாக்கிக் கையாள்வது என்பது எனக்குத் தெரியும்.

"ஷேக்ஸ்பியரில் முதுமை" என்று தொடங்காதீர்கள். ஒரு வரியிலிருந்து, ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். அந்தச் சொல் எழுதப்பட்ட காலத்தில் என்னென்ன பொருள் தந்தது என்று ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் பாருங்கள். இன்றைய பதிப்போடு நிற்காமல், முதல் அச்சின் படத்தைத் தேடுங்கள். எம்ப்சன் காலத்தில் அதற்கு அரிய நூல்கள் வைத்திருக்கும் நூலகங்களுக்குப் போக வேண்டும். இன்று பல்கலைக்கழகக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்ட தலைப்பு என்றால், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் மின்னூலகம் இருக்கிறது.

பிறகு, பிழையாகிப்போகக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். "இந்தக் கவிதை அழகானது" என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, ஆகவே அதில் ஆராய ஒன்றுமில்லை. "இந்தக் கமாவை எடுத்தால் பொருள் மாறுகிறது" என்பதை மறுக்கலாம். மறுக்க முடிந்தால்தான் நிறுவவும் முடியும்.

அம்மா அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர்கள் அதைக் கேட்பது உங்களைத் தடுக்க அல்ல. ஒரு நாட்டை விட்டு வந்து, பிள்ளைகள் தடுமாறாமல் இருக்கவேண்டும் என்ற பயம் அது. அதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. உங்கள் ஆய்வில் ஒரு பக்கத்தை, ஒரு வரியை எடுத்து, அதில் என்ன கண்டீர்கள் என்று தமிழில் அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். காளமேகத்தை ரசித்தவர்களுக்கு எம்ப்சன் புரியாமல் போகமாட்டார்.

சித்தியின் மகள் இப்போதைக்கு தம்பிமுத்துவின் இதழைத் தலைப்பாக எடுக்க யோசிக்கிறாள். அவள் என்ன கண்டுபிடிக்கிறாள் என்று பார்த்து, அடுத்த முறை அவரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.